அரை நாள் பள்ளி, அரை நாள் வீடு

1953-ஆம் ஆண்டு ஜூன் 18. அன்றைய சென்னை மாநிலத்தின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் புதிய கால அட்டவணை அமலுக்கு வந்தது. ஐந்து மணி நேரமாக இருந்த பள்ளி நாள் மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. பிள்ளைகள் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்குக் காலையில் பள்ளி, இன்னொன்றுக்கு மதியம். மிச்ச நேரத்தில் வீட்டுக்குப் போய் அப்பா செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகள் அம்மாவிடம் வீட்டு வேலை பழக வேண்டும். அப்பாவிடம் சொல்லித்தரக் கைத்தொழில் எதுவும் இல்லையென்றால் ஊரில் வேறொரு தொழிலாளியிடம் அனுப்பலாம்.

முதலமைச்சர் ராஜாஜியின் அரசு இதற்குத் திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தது. எதிர்த்தவர்கள் குலக்கல்வித் திட்டம் என்றார்கள். நின்ற பெயர் இரண்டாவதுதான்.

சாதித் தொழிலைப் பிள்ளைகள் தலையில் கட்டப் பார்த்த திட்டம் என்றுதான் இன்று அதை நினைவில் வைத்திருக்கிறோம். அது சரியான நினைவுதான். ஆனால் அதே திட்டத்துக்குள் அதிகம் பேசப்படாத இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஓர் அரசு ஒரே நாளில் கிராமத்துப் பெற்றோர் எல்லோரையும் ஆசிரியராக்கியது. அவர்களால் அது ஆகிற காரியமா?

இந்தக் கேள்வி 2020 மார்ச்சில் நம் எல்லோர் வீட்டுக்கும் வந்தது. பள்ளிகள் திறந்த பிறகும் போகவில்லை. என் வயதுக்காரர்களில் சிலர் பள்ளி வேண்டாம் என்று தீர்மானித்து, பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கிறார்கள். ஆரம்பிக்கும்போது இருக்கும் உற்சாகம் ஆறு மாதத்தில் களைப்பாக மாறுவதைப் பார்க்கிறேன். எனக்குப் பொறுமை இல்லை, எனக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை, நான் சரியான அம்மா இல்லை என்று பேச்சு போகும். எல்லாப் பழியும் பெற்றோரின் குணத்தின் மேலேயே விழுகிறது. வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது.

*

வீட்டில் கற்பது நம் ஊருக்குப் புதிதில்லை. சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822-ல், மாவட்டவாரியாகப் பள்ளிகளையும் மாணவர்களையும் கணக்கெடுத்து அனுப்பும்படி ஆட்சியர்களுக்கு உத்தரவிட்டார். வந்து சேர்ந்த கணக்குகளைத் தொகுத்து 1826 மார்ச் 10-ஆம் தேதி ஒரு குறிப்பு எழுதினார். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பிற்காலத்தில் தரம்பால் தன் புத்தகத்தில் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகு, திண்ணைப் பள்ளிகளைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் இந்த எண்களைச் சொல்கிறார்கள்.

அதே குறிப்பில் இன்னொரு எண் உண்டு. சென்னை நகரத்தில் பள்ளியில் படித்தவர்கள் 5,523 பேர். வீட்டில் படித்தவர்கள் 26,963 பேர். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு! மன்றோவுக்கே இது நம்பும்படியாக இல்லை. எங்கோ பிழை இருக்கலாம் என்கிறார். ஆனால் உறவினர்களோ தனி ஆசிரியர்களோ பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லித்தருவது நாடெங்கும் இருக்கும் வழக்கம்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறார்.

உறவினர்கள், தனி ஆசிரியர்கள். இந்த இரண்டு சொற்களில்தான் விஷயம் இருக்கிறது. எழுத்துத் தெரிந்து, பகலில் உட்கார்ந்து சொல்லித்தர நேரமும் இருக்கும் ஒரு தாத்தாவோ சித்தப்பாவோ வீட்டில் இருக்க வேண்டும். அல்லது வெளியிலிருந்து ஒருவரை வரவழைக்கக் காசு இருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அது ஓர் உபரி. ஆள் உபரி, நேரம் உபரி, பணம் உபரி. அப்பா காலையில் ஏர் பிடிக்கப் போய் அம்மா நடவுக்குப் போகும் வீட்டில் இந்த உபரி எங்கிருந்து வரும்?

உபரி இருந்த வீடுகள்கூட அப்பாவையே வாத்தியாராக்கிவிடவில்லை. உ.வே.சாமிநாதையர் 1855-ல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். மகனும் சங்கீதத்தில் தேற வேண்டும் என்பது அவர் ஆசை. பையனுக்கோ தமிழ்ப் பித்து. தகப்பனார் என்ன செய்தார்? தமிழ் சொல்லித்தர ஆள் இருக்கும் ஊர்களாகப் பார்த்துக் குடும்பத்தையே இடம் மாற்றினார். அரியலூரில் சடகோபையங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஒவ்வொருவராகத் தேடிப்போய், 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தமிழுக்கு ஓர் உ.வே.சா. கிடைத்ததில் அந்தத் தகப்பனாரின் பங்கு பெரியது. தனக்குத் தெரிந்ததோடு மகன் நின்றுவிட வேண்டாம் என்று இன்னொருவர் வாசலுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனதுதான் அந்தப் பங்கு.

*

நவீன இந்தியாவில் வீட்டுக்கல்வியைக் கொள்கையாகவே வைத்து முயன்ற தகப்பன் காந்தி. 1897 ஜனவரியில் டர்பனில் இறங்கியபோது அவருடன் இரண்டு மகன்களும் சகோதரியின் மகனும் இருந்தார்கள். ஐரோப்பியக் குழந்தைகளின் பள்ளியில் அவருக்கு மட்டும் சலுகையாக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியர்களுக்கு இல்லாத சலுகை தனக்கு வேண்டாம் என்று மறுத்தார். தானே சொல்லித்தரப் பார்த்தார். வக்கீல் வேலைக்கும் பொது வேலைக்கும் நடுவில் நேரம் கிடைக்கவில்லை. மாதம் 7 பவுண்டு சம்பளத்தில் ஓர் ஆங்கிலேயப் பெண்மணியை அமர்த்தினார். அதுவும் திருப்தியாக இல்லை.

பிறகு ஜோகன்னஸ்பர்க்கில், அலுவலகத்துக்கு நடந்து போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார். போக வர ஐந்து மைல். அந்த நடையில் பேச்சுவாக்கில் பாடம். தினமும் தவறாமல் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்திருந்தால் அவர்களுக்குச் சிறந்த கல்வியைக் கொடுத்திருப்பேன் என்று தன் சுயசரிதையில் எழுதுகிறார். ஒரு மணி நேரம்! காந்தியைப் போல் நேரத்தைக் கணக்குப் பார்த்துச் செலவழித்த மனிதருக்கே அது சிக்கவில்லை. தன் மகன்கள் எல்லோருக்கும் இந்த விஷயத்தில் தன்மேல் குறை உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. மூத்தவர் ஹரிலால் அந்தக் குறையை ஊரறியச் சொன்னார்.

1910-ல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் இதே முயற்சி கொஞ்சம் பெரிதாக நடந்தது. அங்கிருந்த பிள்ளைகளில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தந்தவர் காந்தி. அவருக்குத் தெரிந்த தமிழ், கப்பல் பயணத்திலும் சிறையிலும் போப்பையரின் பாடநூலை வைத்துக் கற்றது. பேச்சுத் தமிழில் பிள்ளைகள் அவரை மிஞ்சினார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் வந்தால் மாணவர்கள்தான் காந்திக்கு மொழிபெயர்த்தார்கள். படிக்கவே இனிமையான பகுதி அது.

அதே இடத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். காலை முழுக்கப் பண்ணை வேலை, வீட்டு வேலை. அதனால் வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். வகுப்பில் பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். காந்திக்கும் அவருடைய நண்பர் காலன்பாக்குக்கும் கண் சொருகும். கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள், பிள்ளைகளோடு விளையாடிப் பார்ப்பார்கள். சில நாள் எதுவும் பலிக்காது, உடம்பு ஓய்வு கேட்டுவிடும். அரை நாள் உழைப்பு, அரை நாள் படிப்பு என்ற ஏற்பாட்டைப் பற்றி இதைவிட நேர்மையான அறிக்கை எதையும் நான் படித்ததில்லை.

காந்தி இந்த அனுபவங்களிலிருந்து 1937-ல் வார்தாவில் ஆதாரக் கல்விக்கு வந்து சேர்ந்தார். கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடமும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வார்தா திட்டத்தில் தறியும் ராட்டையும் பள்ளிக்குள் வந்தன. ஆசிரியர்தான் தொழிலைச் சொல்லித்தர வேண்டும். நெசவாளி மகனும் புரோகிதர் மகனும் ஒரே ராட்டையில் உட்கார வேண்டும். 16 வருடம் கழித்து காந்தியின் சீடரும் சம்பந்தியுமான ராஜாஜி அதைத் திருப்பிப் போட்டார். தொழில் பள்ளிக்குள் வரவில்லை. பிள்ளை பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போனது.

*

ராஜாஜி பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பத்து வருடத்துக்குள் 14 வயது வரை எல்லோருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி கொடுக்க முயல வேண்டும் என்று 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் சொன்னது. கட்டடம் போதாது, வாத்தியார் போதாது, பணம் போதாது. ஒரே கட்டடத்தில் ஒரே வாத்தியாரைக் கொண்டு இரண்டு ஷிஃப்ட் ஓட்டினால் இரண்டு மடங்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாம். காகிதத்தில் சரியாக வரும் கணக்கு. நாங்கள் சர்வர் வாங்கக் காசில்லாதபோது போடும் கணக்கும் இதேதான்.

ஆனால் அந்தக் கணக்கில் வீட்டின் செலவு எங்கும் எழுதப்படவில்லை. மிச்சப்படும் இரண்டு மணி நேரத்துக்குப் பிள்ளையை யார் பார்ப்பது? தொழில் செய்கிறவன் சொல்லித்தர உட்கார்ந்தால் அவனுடைய அன்றைய கூலி என்ன ஆகும்? அம்மா களத்துமேட்டில் இருக்கும்போது வீட்டிலிருக்கும் பெண் பிள்ளைக்குக் கிடைக்கும் பாடம் தம்பியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வதைத் தவிர வேறென்னவாக இருக்க முடியும்? பாடத்திட்டம் கிடையாது, சம்பளம் கிடையாது, ஆனாலும் அவர்கள் ஆசிரியர்கள்.

இதற்கு மேல்தான் சாதி வந்து உட்காருகிறது. அப்பாவின் தொழில் என்பது நம் ஊரில் வெறும் தொழில் இல்லை. வக்கீல் மகனும் வெட்டியான் மகனும் அரை நாள் அப்பாவிடம் கற்றால் என்ன ஆவார்கள் என்பதற்குப் பொருளாதார நிபுணர் வேண்டியதில்லை. பெரியாரின் திராவிடர் கழகமும் தி.மு.க.வும் கம்யூனிஸ்டுகளும் எதிர்த்தார்கள். 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை ராஜாஜி வீட்டு முன் மறியல். ஜூலை 29-ஆம் தேதி சட்டமன்றத்தில் திட்டத்துக்கு எதிரான தீர்மானம் 138-க்கு 138 என்று சமமாக நின்றது. சபாநாயகர் சிவசண்முகம் பிள்ளையின் வாக்கு தீர்மானத்துக்கு எதிராக விழுந்தது. திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவிடம் விட வேண்டும் என்ற இன்னொரு தீர்மானம் 139-க்கு 137 என்று ஜெயித்தது. பருலேகர் தலைமையிலான குழு நவம்பரில் அறிக்கை கொடுத்தது. திட்டம் நல்ல திட்டம் என்றது அந்த அறிக்கை.

நிபுணர்கள் சரி என்றதை ஊர் ஏற்கவில்லை. 1954-ல் ராஜாஜி விலகினார். ஏப்ரலில் காமராஜர் வந்தார். மே 18-ஆம் தேதி, கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார். ஒரு வருடம்கூட முழுதாக ஓடவில்லை.

*

இந்த வாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் விருத்தாசலம் போகலாம். மணிமுத்தாற்றங்கரையில் விருத்தகிரீஸ்வரர் கோயில், சுற்றிலும் முந்திரியும் கடலையும் விளையும் செம்மண். 1953-ல் அது தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு தாலுகா. இன்று வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் பீங்கான். கொலு பொம்மைகள், மின்சாரப் பெட்டியில் மாட்டும் வெள்ளை ஃப்யூஸ் கேரியர்கள், ஸ்டோன்வேர் குழாய்கள். பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ தரும் அரசு நிறுவனமும் இருக்கிறது.

மண்பாண்டம் செய்யும் வேளார் குடும்பங்கள் நம் வட்டாரங்களில் எப்போதும் உண்டு. வேளார் வீட்டுப் பையனுக்கு 1953-ன் திட்டம் என்ன கொடுத்திருக்கும்? சக்கரத்தைக் கொடுத்திருக்கும். அந்த அறிவு லேசானதில்லை. எந்த ஏரி மண்ணோடு எவ்வளவு மணல் கலந்தால் பானை வெடிக்காது என்பது அந்தக் கைக்குத் தெரியும். சூளையின் தழல் நிறத்தைப் பார்த்தே வெந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்டால், பார்த்தால் தெரியும் என்பதுதான் பதில். அது பொய்யில்லை. செய்யத் தெரிவது வேறு, பிரித்துச் சொல்லத் தெரிவது வேறு. முதலாவது, பக்கத்திலேயே பத்து வருடம் இருந்தால் தொற்றிக்கொள்ளும். இரண்டாவதைத்தான் பாடம் என்கிறோம்.

மண்பானை 900 டிகிரி செல்சியஸை ஒட்டி வெந்துவிடும். பீங்கானுக்கு 1,200-க்கு மேல் போக வேண்டும். வெள்ளைக் களிமண்ணோடு ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் அளவாகச் சேர வேண்டும். கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றி எடுக்க வேண்டும். சூளைக்குள் சின்னச் சின்னக் கூம்புகளை வைப்பார்கள். குறிப்பிட்ட சூட்டில் அந்தக் கூம்பு தலை சாயும்படி செய்யப்பட்டிருக்கும். அது சாய்ந்ததா இல்லையா என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்தச் சாதியில் பிறந்தவராகவும் இருக்கலாம். அப்பா களிமண்ணைத் தொட்டே இருக்க வேண்டியதில்லை.

1953-ல் நெய்வேலியில் சுரங்கமே கிடையாது. அங்கே மண்ணைத் தோண்டத் தொடங்கியது 1957-ல். நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் வந்தது. அந்த வட்டாரத்தின் பிள்ளைகள் பிற்பாடு செய்யப்போகும் வேலைகள் 1953-ல் எந்த அப்பாவுக்கும் தெரியாது. வீடு தன்னிடம் இருப்பதைத்தான் கொடுக்க முடியும். பிள்ளைக்கோ வீட்டில் இல்லாததும் தேவைப்படுகிறது. வேளார் பையன் பீங்கானுக்குப் போவதற்கும், வேறு வீட்டுப் பையன் களிமண்ணுக்கு வருவதற்கும் நடுவில் வீடல்லாத ஓர் இடம் வேண்டியிருந்தது.

*

காமராஜர் அரசு எடுத்த பாதையை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். பள்ளியின் வேலையை வீட்டுக்கு அனுப்புவதற்குப் பதிலாக, வீட்டின் வேலைகளில் ஒன்றைப் பள்ளி எடுத்துக்கொண்டது. 1956-ல் மதிய உணவு மாநிலம் முழுக்கப் பரவத் தொடங்கியது. 1920-லேயே பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் விதை போட்ட விஷயம்தான். 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் காலை உணவு. ராஜாஜி கஜானாவின் பற்றாக்குறையை வீட்டுக்குத் தள்ளப் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் வீட்டின் பற்றாக்குறையைப் பள்ளிக்குள் இழுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் எந்தத் திட்டத்தில் பள்ளிக்கு வந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

2020 மார்ச்சில் அந்த ஏற்பாடு ஒரே வாரத்தில் நின்றது. தமிழ்நாட்டில் ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. பத்தொன்பது மாதம். அரை நாள் வீடு முழு நாள் வீடாயிற்று. மன்றோ காலத்து உபரிக் கணக்கு அப்படியே திரும்பி வந்தது. தனி அறையும் லேப்டாப்பும் படித்த அம்மாவும் இருந்த வீட்டில் ஏதோ ஓடியது. ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துப்போன வீட்டில் எதுவும் ஓடவில்லை. எங்களைப் போல வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் நிலைமையும் ஒன்றும் பிரமாதமில்லை. அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், ஆனால் மீட்டிங்கில் இருக்கிறார். 1953 திட்டத்தின்படி என் வீட்டுப் பிள்ளை அரை நாளில் கற்றிருக்கக்கூடிய குலத்தொழில், சரியான நேரத்தில் மியூட் பொத்தானை அழுத்துவது.

பிறகு அரசு ஒன்று செய்தது. 2021 அக்டோபர் 27-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. தன்னார்வலர்கள் சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளைத் திண்ணையிலோ மரத்தடியிலோ உட்காரவைத்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சொல்லித்தந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். விருத்தாசலத்திலிருந்து விழுப்புரம் ரயிலில் கொஞ்ச நேரம்தான். 1953-லும் 2021-லும் அரசு கல்வியை வீட்டு வாசலில்தான் கொண்டுபோய் வைத்தது. முதல் தடவை, நீங்களே சொல்லிக்கொடுங்கள் என்றது. இரண்டாம் தடவை, சொல்லிக்கொடுக்க ஓர் ஆளை அனுப்பியது. அந்த ஆள் பெரும்பாலும் அடுத்த தெரு அக்கா. அம்மாவிடம் வாய்ப்பாடு சொல்ல அடம்பிடிக்கும் பிள்ளை அக்காவிடம் சொல்லும். அம்மாவுக்குத் தெரியாததால் இல்லை. அக்கா அந்த ஒரு மணி நேரத்துக்கு அக்கா மட்டும்தான். அவர் சோறு வடிக்க எழுந்து போக வேண்டியதில்லை.

இன்று விரும்பி வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. பள்ளியில் அடிபட்ட பிள்ளை, பள்ளி சேர்த்துக்கொள்ள மறுத்த பிள்ளை, வகுப்பறையின் வேகத்துக்கு ஒத்துவராத பிள்ளை என்று காரணங்கள் உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் பாதையும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த வீடுகளில் அந்தப் பாதைக்காக வேலையை விட்டவர் அம்மா. கணக்கு வரவில்லை, பொறுமை போகிறது என்று இரவில் அழுபவரும் அவர்தான். அவரிடம் சொல்ல எனக்கு இருப்பது இந்த வரலாறுதான். நீங்கள் செய்யப் பார்ப்பது ஒரு வாத்தியார், ஒரு சமையல்காரர், ஒரு காவல்காரர், ஒரு தோழி என்று நான்கு பேரின் வேலை. காந்தியால் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியவில்லை. வேங்கடசுப்பையர் ஊர் ஊராக ஆள் தேடினார். தென்னார்க்காட்டின் உழவர்களையும் வேளார்களையும் ஓர் அரசு இதைச் செய்யச் சொன்னது, பதினோரு மாதத்தில் கைவிட்டது. உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறதென்றால் அந்த வேலை கஷ்டம். அடுத்த தெருவில் ஒரு அக்கா இருக்கிறாரா என்று பாருங்கள்.